"நல்லவேளை, ஒண்ணும் ஆகலையே" என்று சொல்லாதீர்கள்: கடத்தலிலிருந்து தப்பிய பிள்ளையும் அவள் வீடும்

கேள்வி இது. ஒன்பது வயது மகள் டியூஷன் முடிந்து மாலை ஆறரை மணிக்கு நடந்து வந்துகொண்டிருந்தாள். ஓரமாக நின்ற வேனிலிருந்து இறங்கிய ஒருவன் அவள் முதுகிலிருந்த புத்தகப் பையைப் பிடித்து இழுத்தான். அவன் கையைக் கடித்துவிட்டு, பையைக் கழற்றிப் போட்டு, எதிரே இருந்த மளிகைக் கடைக்குள் ஓடிவிட்டாள். வேன் போய்விட்டது. நடந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது அவள் தனியாகக் கழிப்பறைக்குக்கூடப் போவதில்லை. ஆறு வயதுத் தம்பி படுக்கையை நனைக்கிறான். கணவனும் மனைவியும் மாறி மாறிக் குறை சொல்லி, இப்போது பேச்சே இல்லை. பாட்டி மந்திரிக்கக் கூட்டிப் போகச் சொல்கிறார். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். கொடுத்து அனுப்பிவிட்டார்கள். டியூஷனை நிறுத்தியாயிற்று. "அவங்க மறுபடி வருவாங்களா?" என்று மகள் தினமும் கேட்கிறாள். என்ன செய்வது, அவளுக்கு என்ன சொல்வது?

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிற "நல்லவேளை, ஒண்ணும் ஆகலையே" என்ற பேச்சை முதலில் நிறுத்துங்கள். ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளையின் காதில் அது வேறு மாதிரி விழுகிறது: ஒன்றும் ஆகவில்லை என்றால் நான் ஏன் இப்படி நடுங்குகிறேன், என்னிடம்தான் ஏதோ கோளாறு. இன்னொன்றும் அதில் தொலைந்துபோகிறது. அவள் சத்தம் போட்டு யாரும் வந்து காப்பாற்றவில்லை. தானே கடித்து, தானே பையை விட்டு, தானே கடையைப் பார்த்து ஓடியிருக்கிறாள். அந்த நாளில் அவளுக்கு மிஞ்சிய ஒரே சொத்து அதுதான். அதைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் உங்கள் வேலை. மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

"தப்பிய கடத்தல்" என்றால் பாதிப்பும் பாதிதான் என்று நினைக்க வேண்டாம். 1976 ஜூலை 15-ல் கலிஃபோர்னியாவின் சௌசில்லா என்ற சிற்றூரில் 26 பிள்ளைகளோடு ஒரு பள்ளிப் பேருந்தை ஓட்டுநரோடு சேர்த்துக் கடத்தினார்கள். ஒரு கல்குவாரியில் மண்ணுக்கடியில் புதைத்திருந்த லாரிப் பெட்டிக்குள் அடைத்தார்கள். சுமார் 16 மணி நேரம் கழித்து அவர்களே தோண்டி வெளியே வந்தார்கள். எல்லாரும் உயிரோடு திரும்பினார்கள். "ஒன்றும் ஆகவில்லை" என்று ஊர் மூச்சுவிட்டது. லெனோர் டெர் என்ற குழந்தை மனநல மருத்துவர் நான்கு ஆண்டு கழித்து அவர்களில் 25 பேரைச் சந்தித்தபோது, ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரிடமும் பாதிப்பு இருந்தது. கூடவே இன்னொரு பிள்ளையையும் பார்த்தார், கடத்தலில் மயிரிழையில் சிக்காமல் போன பிள்ளை. அதற்கும் பாதிப்பு இருந்தது. கெட்ட கனவு, ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடுவது, எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கையில்லாமை, "அன்றைக்கே ஒரு சகுனம் தெரிந்தது" என்ற எண்ணம், வெட்கம். யாருக்கு அதிகம், யாருக்குக் குறைவு என்பது பிள்ளையின் முன்னிருந்த மனநிலையோடு, வீட்டின் நிலையையும் ஊரோடு இருந்த பிணைப்பையும் பொறுத்திருந்தது. இந்தக் கடைசி வரிதான் உங்களுக்கு வேண்டியது. நடந்ததை மாற்ற முடியாது. வீட்டின் நிலையை மாற்றலாம்.

காவல் நிலைய விஷயத்தை முதலில் முடிப்போம், ஏனென்றால் அதில் நாள் ஓடுகிறது. சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீது. அது வழக்கு அல்ல. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெற்றோர் பொறுப்பிலிருந்து கொண்டுபோவது தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 137-ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். முயற்சியோடு நின்றிருந்தால் 62-ஆம் பிரிவு சேரும், அதில் தண்டனை பாதி வரை. எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். சம்பவம் நடந்த இடம் வேறு ஸ்டேஷன் எல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173-ன்படி எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம், எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். மூன்றாண்டோ அதற்கு மேலோ, ஆனால் ஏழாண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றமென்றால் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்நிலை விசாரணை நடத்திப் பார்க்கச் சட்டத்தில் இடமுண்டு. உங்கள் விஷயத்தில் அதைச் சொல்லியிருந்தாலும் அந்தக் கெடு தாண்டிவிட்டது. மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு (மாநகரமென்றால் ஆணையர் அலுவலகத்துக்கு) பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. வக்கீல் செலவுக்கு யோசிக்க வேண்டாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசம், தொலைபேசி 15100.

இன்றைக்கே செய்ய வேண்டியது கேமரா. சின்னக் கடைகளின் டி.வி.ஆர்.களில் (கேமரா பதிவாகும் பெட்டி) பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரப் பதிவுதான் நிற்கும். பிறகு பழையதன் மேலேயே புதியது எழுதப்படும். மளிகைக் கடை, தெருமுனை மெடிக்கல், வேன் போன திசையில் இருக்கும் பெட்ரோல் பங்க் என்று வரிசையாகப் போய்க் கேளுங்கள். திரையில் ஓடுவதை மொபைலில் படம்பிடித்துக்கொண்டு வந்தால் அது துப்புக்கு உதவும், நீதிமன்றத்தில் நிற்காது. அசல் பதிவைப் போலீஸ் கைப்பற்ற வேண்டும், சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ. 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். ஒரு சின்ன விஷயத்தில்தான் பல வழக்குகள் இடறுகின்றன: டி.வி.ஆர். கடிகாரம் சரியாக இருக்காது. அதில் காட்டும் நேரத்தையும் உங்கள் மொபைல் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படமெடுத்துக்கொள்ளுங்கள். பதினேழு நிமிட வித்தியாசம் இருந்தால், ஆறரை மணிக்குத் தேடுகிறவர்கள் ஒன்றும் இல்லையென்று போய்விடுவார்கள்.

அன்று போட்டிருந்த உடுப்பும் அந்தப் பையும் இன்னும் துவைக்காமல் இருந்தால், பிளாஸ்டிக் கவரில் வேண்டாம், காகிதப் பையில் போட்டு ஒப்படையுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். தோளில் பைப்பட்டை இழுத்த தடம் இருந்து, அரசு மருத்துவமனையில் காட்டியிருந்தால் ஏ.ஆர். காப்பி (காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேட்டின் நகல்) கேட்டு வாங்குங்கள்.

பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்க அவளை ஸ்டேஷனுக்குக் கூப்பிட வேண்டியதில்லை. பி.என்.எஸ்.எஸ். 179-ன்படி பெண்களையும் 15 வயதுக்குட்பட்ட பையன்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். வேனில் வந்தவன் தொட்ட விதத்திலோ பேசிய பேச்சிலோ பாலியல் நோக்கம் தெரிந்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் சேரும். அப்போது முடிந்தவரை எஸ்.ஐ. தகுதிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல், பிள்ளை விரும்பும் இடத்துக்கு வர வேண்டும். இதைக் கேட்டு வாங்குவது உரிமை, சலுகை அல்ல.

அவள் சொல்வதை ஒரு முறை கேட்டு, அவள் சொற்களிலேயே, தேதி நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். "என்ன நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லு", "அப்புறம்?" இந்த இரண்டு கேள்விகள் போதும். "வெள்ளை வேனா?", "மீசை வெச்சிருந்தானா?" என்று கேட்டால் நாலாவது தடவைக்குள் மீசை வந்துவிடும். பொய் சொல்கிறாள் என்று அர்த்தமில்லை, நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. சௌசில்லா பிள்ளைகளிலும் தவறாகப் பார்த்ததை உறுதியான நினைவாகவே நான்கு ஆண்டு சுமந்தவர்கள் உண்டு. அதே காரணத்துக்காக, வாட்ஸ்ஆப்பில் வரும் "இவன்தான் பிள்ளை பிடிப்பவன்" படங்களை அவளுக்குக் காட்டாதீர்கள். பின்னால் மாஜிஸ்திரேட் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடக்கும்போது, "முன்பே படம் பார்த்தாளா?" என்ற ஒரு கேள்வியில் எதிர்த்தரப்பு அதை உடைத்துவிடும்.

வேன் நம்பரோடு குரல் பதிவு போடுவதும் வேண்டாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டு வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்து ஊரே அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்தார். அவர் செய்ததெல்லாம் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. வாட்ஸ்ஆப்பில் சுற்றிய வதந்திதான் அந்தக் கைகளை ஓங்க வைத்தது. உங்கள் மகளின் படமோ பெயரோ பள்ளியோ ஊடகத்தில் வருவதும் சட்டப்படி குற்றம், சிறார் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உறவினர் குழுவுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். பெரும்பாலும் முதல் படம் அங்கிருந்துதான் வெளியே போகிறது.

இனி வீடு. இதுதான் பெரிய விஷயம்.

மூன்று வாரத்தில் இந்தப் பயம் இருப்பது நோய் அல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் மாதத்தில் தூக்கம் கெடும், ஒட்டிக்கொள்வார்கள், வயிற்று வலி வரும், முன்பு தாண்டிய வயதுக்குத் திரும்பிப் போவார்கள். ஒரு மாதம் கடந்தும் குறையாமல் இருந்தாலோ, பள்ளிக்கே போக மறுத்தாலோ, சிரிப்பே நின்றுவிட்டாலோ, "நான் செத்துப் போயிருக்கலாம்" என்ற மாதிரிப் பேச்சு வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநல ஓ.பி. உண்டு. 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். 1098 பிள்ளைகளுக்கானது. ஆலோசகரைத் தேடும்போது "டிராமா-ஃபோகஸ்டு சி.பி.டி. செய்வீர்களா?" என்று கேளுங்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்புக்கான பேச்சு வழிச் சிகிச்சை அது. வாரம் ஒன்றாக 12-லிருந்து 16 அமர்வு வரை போகும், பெற்றோருக்கும் தனி நேரம் இருக்கும். ஒரே நாளில் உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டச் சொல்கிறவரிடம் போக வேண்டாம், அந்த முறை உதவுவதில்லை என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் பாதி கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

கழிப்பறைப் பயத்தை இப்படி இறக்கலாம். முதல் மூன்று நாள் அம்மா கதவருகில் நிற்கட்டும், கதவு ஒருக்களித்தபடி. அடுத்த மூன்று நாள் அம்மா கூடத்தில், கதவு ஒருக்களித்தே, ஆனால் பேச்சு ஓடிக்கொண்டிருக்கட்டும். பிறகு கதவைச் சாத்தி, தாழ் போடாமல். பிறகு பேச்சில்லாமல். கடைசியில் தாழ். ஒவ்வொரு படியிலும் "பயம் பத்துக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். எட்டிலிருந்து நாலுக்கு வந்த பிறகுதான் அடுத்த படி. இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, நாலாம் நாளே "பெரிய பொண்ணாயிட்டே" என்று கடைசிப் படிக்குத் தள்ளுவது. இரண்டு, பயம் உச்சத்தில் இருக்கும்போது "சரி வா, போயிடலாம்" என்று திரும்புவது. அப்படித் திரும்பினால், தப்பித்ததால்தான் பயம் நின்றது என்று உடம்பு கற்றுக்கொள்ளும். முடியாவிட்டால் படியைச் சின்னதாக்குங்கள், ஆனால் அந்தச் சின்னப் படியில் பயம் கொஞ்சம் இறங்கும்வரை கூட நில்லுங்கள்.

அந்தத் தெருவுக்கும் இதே வழிதான். மொட்டை மாடியிலிருந்து பார்ப்பது, அப்பாவோடு பகலில் தெருமுனை வரை, பிறகு மளிகைக் கடை வரை, பிறகு அதே ஆறரை மணிக்கு. பல பிள்ளைகளுக்கு இடத்தைவிடச் சத்தம்தான் கொல்லும். வேன் கதவு சர்ரென்று தள்ளித் திறக்கும் சத்தம் கேட்டதும் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நிற்கிறதா, தோள் காதுவரை ஏறுகிறதா என்று பாருங்கள். கண்டால் "ஒண்ணுமில்ல" என்று சொல்லாமல், சத்தத்துக்குப் பேர் வையுங்கள்: "அது பக்கத்து வீட்டு ஸ்கூல் வேன், கதவு திறக்குது." பேர் தெரிந்த சத்தம் பாதிப் பயத்தைக் குறைக்கும்.

இரவில் முழித்து அழுதால் விளக்கைப் போட்டு, பாதத்தைத் தரையில் வைக்கச் சொல்லி, ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்து, "இது நம்ம வீடு, நான் அம்மா, மணி ரெண்டு" என்று சொன்னால் போதும். கனவு என்ன என்று அப்போது விசாரிக்க வேண்டாம். மறுநாள் பகலில் அவளாக வரையட்டும், முடிவை அவள் இஷ்டத்துக்கு மாற்றி வரையட்டும். உங்கள் பக்கத்தில் படுக்கட்டும், தப்பில்லை. பயம் இறங்க இறங்கப் பாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போடலாம்.

தம்பியை யாரும் பார்க்கவில்லை, அதுதான் அவன் படுக்கையில் தெரிகிறது. ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்தவன் மறுபடி தொடங்கினால் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். அதில் ஒன்றும் இல்லையென்றால் இது பயம். அவனுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவன் கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாம் கேட்டிருப்பான். அக்காவுக்கு நடந்ததை மூன்று வரியில் அவனுக்கும் சொல்லுங்கள். தினமும் இருபது நிமிடம் அவனுக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். பாயை மாற்றும்போது முகத்தில் எதையும் காட்டாதீர்கள்.

பாட்டி சொல்வதை எடுத்தெறிய வேண்டாம். விபூதி இடுவது, ஓதி ஊதுவது, திருஷ்டி கழிப்பது, இவையெல்லாம் பிள்ளை மடியில் உட்கார்ந்து பெறுகிற அமைதி. அது நல்லதுதான். ஆனால் "காத்து கருப்பு அடிச்சிருக்கு" என்று அவள் காதுபடச் சொன்னால், வேனில் வந்தவன் போதாதென்று தனக்குள்ளும் ஒன்று புகுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். வேப்பிலையால் அடிக்கிற இடத்துக்கும், கூட்டத்துக்கு நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கிற இடத்துக்கும் வேண்டாம்.

கணவன் மனைவி இருவரும் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். "நீ ஏன் தனியா அனுப்பினே?" என்ற கேள்விக்கு அடியில் இருப்பது "நான் ஏன் அங்கே இல்லை?" என்ற வேதனை. அதைக் கோபமாக்கி எதிரில் இருப்பவர் மேல் எறிகிறீர்கள். பிள்ளைக்கு நேர்ந்ததைக் கேள்விப்பட்டதாலேயே பெற்றோருக்கும் அதே பாதிப்பு வரலாம் என்பதை மருத்துவம் ஒப்புக்கொள்கிறது. நடு இரவில் எழுந்து தாழ்ப்பாளை மூன்று தரம் பார்ப்பது, வேனைக் கண்டால் வியர்ப்பது, எரிச்சல், வேலையில் கவனமின்மை, இவை உங்களுக்கு இருந்தால் நீங்களும் போய்க் காட்டுங்கள். பெற்றோர் தெளியாமல் பிள்ளை தெளிவது கடினம். அவள் தினமும் வாசிப்பது உங்கள் முகத்தைத்தான்.

டியூஷனை நிறுத்தியதைப் பற்றி உறுதியாகவே சொல்கிறேன், அது தவறு. சைக்கிளை அவளிடமிருந்து வாங்கிவைப்பது, விளையாடப் போகக் கூடாது என்பது, "பொம்பளைப் பிள்ளை, ஊர்ல என்ன பேசுவாங்க" என்பது, இதெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒன்றைத்தான்: நடந்ததைச் சொன்னேன், என் உலகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அடுத்த முறை எது நடந்தாலும், அது தெரிந்தவர் வீட்டிலேயே நடந்தாலும், வாயைத் திறக்க மாட்டாள். இரண்டு மாதத்துக்கு யாராவது கூடப் போய்வாருங்கள், நேரத்தை வெளிச்சம் இருக்கும்போதே மாற்றிக் கேளுங்கள், பக்கத்துத் தெருப் பிள்ளைகளோடு சேர்த்து அனுப்புங்கள். ஆனால் போகட்டும்.

பாதுகாப்புப் பயிற்சியைச் சில வாரம் கழித்துத் தொடங்குங்கள். இப்போதே தொடங்கினால் "நீ சரியா செய்யலை" என்று அவள் காதில் விழும். அவள் செய்ததிலிருந்தே தொடங்குங்கள்: பையை விட்டது சரி, கடைக்குள் போனது சரி. இனிச் சேர்க்க வேண்டியது குரல். வெறுமனே அழுதால் அப்பா பிள்ளையைக் கண்டிக்கிறார் என்று நினைத்து ஆட்கள் நகர்ந்துவிடுவார்கள். "இவர் எங்கப்பா இல்ல, எனக்கு இவரைத் தெரியாது" என்று கத்த வேண்டும். மாடியில் நின்று நிஜமாகவே கத்திப் பழகட்டும், மனதுக்குள் பழகினால் அந்த நேரத்தில் தொண்டை திறக்காது. வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள், "அம்மா கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்று யார் வந்தாலும், மாமாவாக இருந்தாலும், அந்தச் சொல் தெரியாவிட்டால் போகக் கூடாது. பையின் வெளிப்புறம் எழுதியிருக்கும் பெயரை உள்பக்கம் மாற்றுங்கள்.

இது இன்னும் பல ஆண்டுகளில் திரும்பத் தலைகாட்டும். அதே தேதி வரும்போது, மாலையில் கரண்ட் போகும்போது, தம்பிக்கு ஒன்பது வயது ஆகும்போது, நீதிமன்றச் சம்மன் வரும்போது. சம்மன் வந்தால் ஒரு வாரம் முன்பே நீதிமன்றக் கட்டடத்தைக் காட்டி, யார் எங்கே உட்காருவார்கள் என்று சொல்லிவையுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணில் படாமல் சாட்சி சொல்ல ஏற்பாடு கேட்டு அரசு வழக்கறிஞர் வழியாக மனுக் கொடுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம்" என்பது போதும்.

"அவங்க மறுபடி வருவாங்களா?" என்ற கேள்விக்கு "வரவே மாட்டாங்க" என்று சத்தியம் செய்யாதீர்கள். உங்களுக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். முதலில் "உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டு, அவள் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். பிறகு இப்படி: "வர்றதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி, கண்ணு. போலீஸ்ல சொல்லியிருக்கோம். கடை அண்ணாச்சிக்குத் தெரியும். ரெண்டு மாசம் நாங்க கூட வருவோம். யாராவது வந்தாலும் என்ன செய்யணும்னு உனக்குத் தெரியும், நீ ஒரு தடவை செஞ்சிருக்கே." அப்பா, அம்மா, பாட்டி மூவரும் இதே பதிலைச் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு பதில் வந்தால் எது உண்மை என்று தேடிக்கொண்டே இருப்பாள். ஒரே நாளில் ஐந்தாவது தடவை கேட்டால் மறுபடி முழுதாகச் சொல்ல வேண்டாம், "காலையில பேசினோமே, நான் என்ன சொன்னேன், நீ சொல்லு" என்று அவளிடமே கேளுங்கள். முதல் சில நாள் போலீஸ், அண்ணாச்சி வரைதான் சொல்வாள். கடைசி வரியை நீங்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.